டீன் ஏஜ் தொடர்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போது பெற்றோர் கேட்பதும், பெற்றோர் காதில் விழாத தூரத்தில் பிள்ளைகள் கேட்பதும் இங்கே கலந்திருக்கின்றன. பேசப்படும் தொடர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பற்றிய கிறிஸ்தவ வாக்குவாதமும் முதலில் அங்கேதான் நடந்தது. இன்று அதே தொடர்கள் நம் பிள்ளைகளின் போனிலும் ஓடுகின்றன.

நேராகவே சொல்லுங்கள். கிறிஸ்தவர்கள் இவற்றைப் பார்க்கலாமா, கூடாதா?

சிலவற்றைப் பார்க்கலாம். சிலவற்றைச் சிலர் பார்க்கக் கூடாது. ஒன்றிரண்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மழுப்புகிறேன் என்று தோன்றினால் ரோமர் 14-ஐ வாசியுங்கள். ஒருவன் எல்லாவற்றையும் புசிக்கிறான், இன்னொருவன் மரக்கறி மட்டும் புசிக்கிறான். ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கவேண்டாம் என்கிறார் பவுல். கூடவே, உன் சுதந்தரம் பலவீனமான சகோதரனுக்கு இடறலாகிவிடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார்.

என் குறை வேறு. "பார்க்கலாமா" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் பேச்சு நின்றுபோகிறது. தடைசெய்த வீட்டிலும் அந்தக் கதையைப் பற்றிப் பேச்சில்லை, அனுமதித்த வீட்டிலும் இல்லை.

ஒரு தொடர் என்ன நெறியைச் சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முத்தக் காட்சி, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது. அவை கண்ணில் பட்டுவிடும், எண்ணியும்விடலாம். கதை எதற்குப் பரிசு கொடுக்கிறது, யாரைத் தண்டிக்கிறது, யார் பக்கம் நம்மை உட்கார வைக்கிறது என்பதில்தான் நெறி இருக்கிறது.

'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2010 முதல் 2017 வரை ஓடியது. முதல் எபிசோடிலேயே பதினாறு வயது ஆரியா ஓர் இளைஞனை மதுக்கூடத்தில் சந்திக்கிறாள். அடுத்து வகுப்பில் பார்த்தால் அவன்தான் அவளுடைய ஆங்கில ஆசிரியர். உண்மை தெரிந்த பிறகும் உறவு தொடர்கிறது. பல சீசன் கழித்து, காணாமல்போன ஒரு பெண்ணைப் பற்றிப் புத்தகம் எழுதத்தான் அவன் அந்த ஊருக்கு வந்தான் என்றும், ஆரியாவின் வயது அவனுக்கு முன்பே தெரியும் என்றும் வெளியாகிறது. இவ்வளவுக்கும் பிறகு கடைசி எபிசோடில் இருவருக்கும் திருமணம். பின்னணி இசை, மெழுகுவர்த்தி, கண்ணீர் எல்லாம் ரசிகர்கள் ஏழு ஆண்டுகளாகக் காத்திருந்த ஜோடிக்குக் கிடைக்கும் வெகுமதியாக அமைக்கப்பட்டிருக்கின்றன.

இதில் நிர்வாணக் காட்சி கிடையாது. தணிக்கைக் கண்ணோடு பார்ப்பவர் "பரவாயில்லை" என்று கடந்துபோய்விடுவார். ஆனால் ஓர் ஆசிரியர் தன் மாணவியிடம் செய்யும் அத்துமீறலைத் தடைகளை வென்ற காதல் என்று இது சொல்லிக்கொடுக்கிறது. நம் நாட்டில் 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதம் செல்லாது. சட்டம் குற்றம் என்பதைத் தொடர் ஏழு சீசனாகக் கதாநாயகத்தனம் என்று காட்டியது. வீட்டில் பேசவேண்டியது இதைத்தான். 1998-ல் தொடங்கிய 'டாசன்ஸ் கிரீக்' தொடரிலும் இதே போன்ற கிளைக்கதை உண்டு. அங்கே மாணவன் பையன், ஆசிரியை பெண். அன்று பலர் அதைச் சிரித்தபடி பார்த்தார்கள். பாதிக்கப்படுவது பையன் என்றால் நம் சபைகளிலும் இன்றுவரை யாருக்கும் உறைப்பதில்லை.

'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' 'குடும்ப' சேனலில் வந்த தொடராமே?

ஆமாம், வேடிக்கையான வரலாறு. தொலைக்காட்சிப் பிரசங்கியார் பாட் ராபர்ட்சனின் சிபிஎன் நிறுவனம் 1977-ல் தொடங்கிய செயற்கைக்கோள் சேனல்தான் பிறகு 'ஃபேமிலி சேனல்' ஆனது. 1997-ல் அது ஃபாக்ஸ் கைக்கும், 2001-ல் டிஸ்னி கைக்கும் போய் 'ஏபிசி ஃபேமிலி' ஆயிற்று. 2016 முதல் அதன் பெயர் 'ஃப்ரீஃபார்ம்'. விற்கும்போது ராபர்ட்சன் ஒரு நிபந்தனை வைத்தார். அவருடைய 'தி 700 கிளப்' நிகழ்ச்சி அந்தச் சேனலில் தொடர்ந்து வரவேண்டும். அதனால் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஆசிரியர்-மாணவி காதலும் இன்னொரு நேரத்தில் ஜெப நிகழ்ச்சியும் ஓடின. சேனலின் பெயரைப் பார்த்து ரிமோட்டைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் போதகர் குடும்பத்தைப் பற்றிய சுத்தமான தொடர்களைப் பார்க்கலாமே? 'செவன்த் ஹெவன்' மாதிரி?

பார்க்கலாம். சுத்தமான தொடரும் பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது. 1996-ல் தொடங்கி 11 சீசன் ஓடியது அது. போதகர் எரிக் கேம்டன், மனைவி, ஏழு பிள்ளைகள். வாரம் ஒரு பிரச்சினை: போதைப் பொருள், குடி, திருட்டு, திருமணத்துக்கு முன் உறவு. விளம்பர இடைவேளை போக முக்கால் மணி நேரத்துக்குள் அப்பா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசுவார், பிள்ளை உணர்ந்துவிடும்.

உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறதா? போதகர் வீடுகளிலும் நடப்பதில்லை. எந்தப் பாவத்துக்கும் அடுத்த வாரம் தழும்பு இருக்காது என்பதுதான் இந்தத் தொடர் சொல்லும் பெரிய பொய். ஒரே ஓர் இடத்தில் கதை தன்னையறியாமல் உண்மை பேசிவிடுகிறது. மூத்த மகள் மேரி அடுத்தடுத்துத் தவறு செய்து, பேச்சுக்கும் அடங்காதபோது, அவளைப் பஃபலோவில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கதவு திறந்திருக்கும் அந்த வீட்டில் சொந்த மகளுக்கு இடமில்லை. சபைக் குடும்பங்கள் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல எபிசோடு அந்தத் தொடரில் இல்லை என்பேன்.

கேம்டனாக நடித்த ஸ்டீஃபன் காலின்ஸ், பல ஆண்டுகளுக்கு முன் சிறுமிகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக 2014-ல் தாமே ஒப்புக்கொண்டார். அதற்காகக் கதையின் வசனங்கள் பொய்யாகிவிடாது. திரையில் அங்கி போட்டவரை நம் மனம் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறது என்பது மட்டும் தெரிகிறது.

தொடரில் தவறு செய்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கிறது. அப்போது நல்ல பாடம்தானே?

எல்லாத் தண்டனையும் நல்ல பாடம் ஆகாது. 'செவன்த் ஹெவன்' தொடரை உருவாக்கிய பிரெண்டா ஹாம்ப்டனே 2008-ல் 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் தி அமெரிக்கன் டீனேஜர்' என்ற தொடரையும் தொடங்கினார். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாகிவிடுவதுதான் மையக் கதை. ஆனால் கிறிஸ்தவர்கள் அதிகம் விவாதிக்க வேண்டியது கிரேஸ் போமன் என்ற இன்னொரு பெண்ணின் கதையை. சபைப் பிள்ளை, திருமணம்வரை காத்திருப்பேன் என்று மோதிரம் அணிந்தவள். இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் அவள் தன் காதலனோடு முதல் முறை உறவு கொள்கிறாள். அதே சமயத்தில் அவளுடைய அப்பா விமான விபத்தில் இறந்துபோகிறார். தன் பாவம்தான் அப்பாவைக் கொன்றது என்று அவள் நம்புகிறாள்.

கிரேஸ் அப்படி நினைப்பது இயல்பு. குற்ற உணர்வில் தவிக்கும் எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள். அதை அவள் நினைப்பாக மட்டும் விட்டுவிடாமல், இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துக் காட்டி, பார்க்கிறவர்களும் அப்படியே நினைக்கும்படி கதை தூண்டுகிறது. இந்த இறையியலுக்கு வேதாகமம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் பல அதிகாரங்களாகப் பேசியது இதைத்தான், முடிவில் தேவன் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

'கற்பை வலியுறுத்தும் தொடர்' என்று இதைப் பாராட்டுவது எளிது. என் பார்வையில், ஒரு முத்தக் காட்சியைவிட இது ஒரு பிள்ளைக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடும். வீட்டில் சாவு விழுந்தால் "யார் செய்த பாவமோ" என்று முணுமுணுக்கும் உறவினர் நமக்கும் இருக்கிறார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தொடரும் அதையே சொன்னால் எங்கே போய் நிற்கும்?

தற்கொலையைப் பற்றிய '13 ரீசன்ஸ் வை' தொடரை நினைத்தால் பயமாக இருக்கிறது. மகள் அதைப் பார்த்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

முதலில் மகளோடு பேசுங்கள், திட்ட வேண்டாம். அவளுக்கே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். ஜெபிப்பது சரி, ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள்.

இனி தொடரைப் பற்றி. 2017 மார்ச் 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஹன்னா பேக்கர் என்ற மாணவி தற்கொலை செய்துகொள்வதற்கு முன் கேசட்டுகளில் தன் காரணங்களைப் பதிவு செய்து, ஒவ்வொரு காரணத்துக்கும் பொறுப்பான ஆளிடம் அது போய்ச் சேர ஏற்பாடு செய்துவிடுகிறாள். கேலி, வதந்தி, பாலியல் வன்முறை, உதவ வேண்டிய ஆலோசகரின் அலட்சியம் என்று தொடர் எடுத்துக்கொண்டவை எல்லாம் உண்மையான பிரச்சினைகள். பள்ளிகள் பேச மறுப்பதை அது பேசியது என்று பாராட்டிய கிறிஸ்தவ ஆலோசகர்களின் கருத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். செத்த பிறகுதான் ஹன்னாவின் குரலை எல்லாரும் கேட்கிறார்கள். செத்த பிறகுதான் அவளுக்கு நியாயம் கிடைக்கத் தொடங்குகிறது, காதலித்தவன் அவள் அருமையை உணர்கிறான். வாழ்ந்தபோது கிடைக்காததெல்லாம் சாவுக்குப் பின் கிடைக்கிறது. ஒவ்வொரு எபிசோடிலும் அவள் குரல் வருவதால் அவள் போய்விட்டாள் என்பதே நமக்கு உறைப்பதில்லை. சாவை வெற்றிபெறும் ஒரு வழியாக இந்த அமைப்பு காட்டிவிடுகிறது.

2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தொடர் வந்த அடுத்த மாதத்தில் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் உயர்ந்திருந்ததாகக் கணக்கிட்டது. தொடர்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. மறுவருடம் வேறோர் ஆய்வாளர் அதே தரவை எடுத்து அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார். எனவே மேடையில் ஏறி "இந்தத் தொடர் இத்தனை பிள்ளைகளைக் கொன்றது" என்று முழங்காதீர்கள். ஆபத்தை மறுக்கவும் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸே 2019 ஜூலையில் முதல் சீசனின் தற்கொலைக் காட்சியை வெட்டியெடுத்தது. என் பரிந்துரை: மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம், சமீபத்திய துக்கம் இவற்றில் ஏதேனும் உள்ள பிள்ளை இதைப் பார்க்கவே வேண்டாம்.

'யூஃபோரியா' பாவத்தை அசிங்கமாகத்தானே காட்டுகிறது? அது எச்சரிக்கை ஆகாதா?

தொடருக்காகப் பேசுபவர்களின் வாதமும் இதுதான். 2019-ல் எச்பிஓவில் தொடங்கியது. நாயகி ரூ போதைக்கு அடிமை. தாயிடம் அவள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்த பிறகு போதை இன்பம் தரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேமரா வேறு கதை சொல்கிறது. மினுமினுப்பு, நிறவிளக்கு, இசை எல்லாம் சேர்ந்து அந்த அழிவை அழகாக்கிவிடுகின்றன. வசனம் எச்சரிக்கும்போதே படம் கண்ணைச் சிமிட்டி அழைக்கிறது. பள்ளிகளில் போதைத் தடுப்புக் கல்வி நடத்தும் அமெரிக்காவின் டேர் அமைப்பும் 2022-ல் இதைத்தான் குறையாகச் சொன்னது. பள்ளி மாணவர்கள் என்று சொல்லப்படும் பாத்திரங்களின் உடலைத் தொடர் காட்டும் விதம் எனக்குச் சிறிதும் ஏற்புடையது இல்லை. பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரியவர்களிலும் பலருக்கு வேண்டாம்.

இப்படிச் சொல்லிவிட்டு ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2020 டிசம்பரில் வந்த சிறப்பு எபிசோடு கிட்டத்தட்ட முழுவதும் ஒரு சாதாரண உணவகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. மறுபடியும் போதையில் விழுந்த ரூ ஒரு பக்கம், அவளுக்கு வழிகாட்டும் அலி இன்னொரு பக்கம். அலி போதையிலிருந்து மீண்ட முஸ்லிம். தனக்கு மன்னிப்பே கிடையாது என்று நம்புகிறவளிடம், மனம் மாற முடியும் என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். டீன் ஏஜ் தொடர்களில் மனந்திரும்புதலைப் பற்றி நான் கண்ட மிகத் தீவிரமான உரையாடல், நம் சபைகள் தடைசெய்யும் தொடரில்தான் இருக்கிறது. இதற்கு என்னிடம் வசதியான விளக்கம் எதுவும் இல்லை.

எச்சரிக்கும் அமைப்புகள் இருக்கின்றனவே? அவர்கள் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா?

ஆரம்பத்துக்கு உதவும். ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் 'பிளக்டு இன்' தளம் வன்முறை, பாலுறவு, மொழி, ஆன்மிகம் என்று பிரித்து எழுதுகிறது. பார்க்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு அது போதும். 1995-ல் தொடங்கிய பேரன்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சிலின் வழி வேறாக இருந்தது. கெட்ட வார்த்தைகளை எண்ணுவது, விளம்பரதாரர்களுக்கு நெருக்கடி கொடுப்பது. 2011-ல் எம்டிவியின் 'ஸ்கின்ஸ்' மீது அது தொடுத்த இயக்கத்தில் டாகோ பெல் உட்படப் பல விளம்பரதாரர்கள் விலகினார்கள், தொடர் ஒரே சீசனில் நின்றது.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. 'காசிப் கேர்ள்' தொடரை இதே கவுன்சில் கண்டித்தபோது, 2008-ல் சேனல் அந்தக் கண்டன வாசகத்தையே எடுத்துப் பெரிய விளம்பரப் பலகைகளில் போட்டுக்கொண்டது. "பெற்றோரின் கெட்ட கனவு" என்ற பொருளில் ஒரு நாளிதழ் எழுதியிருந்ததையும் சேர்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் திட்டுவதுதான் டீன் ஏஜ் பார்வையாளருக்கு ஆகப் பெரிய அழைப்பிதழ் என்பது விற்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு தொடரைப் பெயர் சொல்லிக் கண்டித்தால் அன்று மாலை எத்தனை பேர் அதைத் தேடுவார்கள் என்று போதகர்கள் யோசிக்க வேண்டும்.

கடவுளே பாத்திரமாக வரும் தொடர் உண்டா?

'ஜோன் ஆஃப் ஆர்கேடியா', 2003 முதல் 2005 வரை. ஒரு மாணவியிடம் தேவன் வழிப்போக்கர் உருவங்களில் வந்து பேசுவார்: சக மாணவன், உணவகப் பணியாளர், சிறுமி. புத்தகக் கடையில் வேலைக்குச் சேர், செஸ் கற்றுக்கொள், படகு கட்டு என்பார். காரணம் சொல்ல மாட்டார். உருவாக்கிய பார்பரா ஹால் தன் எழுத்தாளர்களுக்கு விதிகள் எழுதிக் கொடுத்திருந்தார். தேவன் நேரடியாகத் தலையிடக் கூடாது என்பது ஒன்று, எந்த மதம் சரி என்று தேவன் சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவது விதியால் இந்தத் தொடரில் சிலுவைக்கு இடமில்லை, அதைக் குறையாகச் சொல்லும் கிறிஸ்தவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் காரணம் தெரியாமல் கீழ்ப்படிவது எப்படி இருக்கும் என்பதை இது நன்றாகக் காட்டியது. ஆபிரகாமைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்களுக்குப் பயன்படும்.

தொடர்களில் கிறிஸ்தவர்கள் ஏன் எப்போதும் கபடக்காரர்களாகவே வருகிறார்கள்?

எப்போதும் இல்லை, அடிக்கடி. கொரியத் தொடர் 'தி குளோரி'யில்கூடக் கொடுமைக்காரக் கும்பலில் ஒருத்தி பெரிய சபைப் போதகரின் மகள், போதைக்கு அடிமை. எழுத்தாளர்களுக்கு இது குறுக்குவழி. ஆனால் கோபப்படும் முன், நம் சபைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை எழுதுவதற்குக் காரணமே இல்லையா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

மாற்று உதாரணம் வேண்டுமானால் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. டெக்சாஸின் ஒரு சிற்றூர், பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து, ஆட்டத்துக்கு முன் முழங்காலில் நின்று ஜெபம். இரண்டாம் சீசனில் லைலா என்ற மாணவி இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுக்கிறாள். தொடர் அவளைக் கேலி செய்யவில்லை, தூக்கியும் வைக்கவில்லை. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களின் அவசரமும் உண்மையும் அவளிடம் இருக்கின்றன. வருத்தம் என்னவென்றால், மூன்றாம் சீசனில் அந்த விசுவாசம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை, சத்தமில்லாமல் காணாமல்போகிறது. நம் வாலிபர் கூட்டங்களிலிருந்து சிலர் மறைவதும் இப்படித்தான் என்பதால் அதுவும் உண்மையாகவே படுகிறது.

ஒருபாலீர்ப்புள்ள பாத்திரங்கள் வந்தால்?

இன்று கிட்டத்தட்ட எல்லாத் தொடரிலும் வருகிறார்கள். 2022-ல் தொடங்கிய 'ஹார்ட்ஸ்டாப்பர்' போன்றவற்றில் அதுவே மையக் கதை. சபைகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை, உங்கள் சபையின் போதனை என்ன என்பதைப் பிள்ளைக்கு நீங்களே தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். திரையில் வரும் அந்தப் பாத்திரத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் வார்த்தையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் உங்களிடம் சொல்லாத ஒன்று அவர் மனதில் இருக்கலாம். ஏளனமாகப் பேசிய வீட்டில் எந்தப் பிள்ளையும் அதைப் பிறகு வாய்திறந்து சொல்லாது.

பிலிப்பியர் 4:8 இருக்கும்போது இந்த விவாதமே எதற்கு? "கற்புள்ளவைகளெவைகளோ" அவற்றைத்தானே சிந்திக்கச் சொல்கிறது?

ஆமாம். அந்த வசனம் "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்றும் சொல்கிறது, அதுதான் பட்டியலில் முதலில் இருக்கிறது. தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டதும், அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்ததும் வேதாகமத்தில் மறைக்கப்படவில்லை. 2 சாமுவேல் 13-ஐப் படமாக எடுத்தால் பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரை விழும். ஆனால் அந்த அதிகாரம் அம்னோனின் பக்கம் நம்மை உட்கார வைப்பதில்லை. தாமாரின் வாய்ச்சொல்லைப் பதிவு செய்கிறது, அவள் தலைமேல் சாம்பலைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டு போவதைக் காட்டுகிறது. தாவீது கோபப்பட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டதன் விலையை அடுத்த அதிகாரங்களில் வசூலிக்கிறது. 'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' முடிவோடு இதை ஒப்பிடுங்கள்.

"ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்ற வசனத்தையும் இந்தப் பேச்சில் யாராவது எடுப்பார்கள். நல்ல வசனம். அது கிரேக்க நாடகாசிரியர் மெனாந்தரின் வரி என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நாடகத்துக்கு எதிராக நாம் எடுக்கும் வசனத்தைப் பவுல் நாடகக்காரரிடமிருந்து வாங்கியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஆங்கிலத் தொடர் கிடையாது. தமிழ் சீரியல் மட்டும்தான்.

அதற்கும் இதே கேள்விகளைப் போடுங்கள். முத்தம் இருக்காது. சோற்றில் விஷம், மருமகள்மேல் பொய்ப்பழி, பழிவாங்கல் எல்லாம் வாரநாள் தவறாமல் வரும். குடும்ப ஜெபத்தைச் சீரியல் நேரத்துக்கு ஏற்ப மாற்றிவைக்கும் வீட்டில், மகளின் போனை மட்டும் பிடுங்கினால் அவள் சிரிக்கத்தான் செய்வாள்.

வயதுக் குறியீட்டை நம்பலாமா?

ஓரளவு. அமெரிக்கத் தொலைக்காட்சிக் குறியீடு 1997-ல் வந்தது, அதைப் போடுவது சேனல்களே. இந்தியாவில் 2021-ன் விதிகளின்படி இணையத் தொடர்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று பிரிவுகள் உண்டு. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தரவேண்டும். இங்கும் குறியீட்டைத் தீர்மானிப்பது வெளியிடும் நிறுவனமே. எதைக் காட்டுகிறார்கள் என்பதைக் குறியீடு சொல்லும். எதை நியாயப்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லாது.

பதினான்கு வயது மகன் ஒளிந்து பார்க்கிறான். நடைமுறையில் என்ன செய்வது?

அவனுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயது வரம்பை அமையுங்கள். உங்கள் ப்ரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) வையுங்கள், பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். நண்பனின் போனில் பார்த்துவிடுவான் என்பது உண்மைதான், அதனால் பூட்டோடு நின்றுவிடாதீர்கள். அவன் பார்க்கும் தொடர்களில் உங்களால் தாங்க முடிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓர் எபிசோடாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள். காட்சிக்குக் காட்சி நிறுத்திப் பிரசங்கம் பண்ணக் கூடாது. முடிந்ததும் இரண்டு கேள்வி போதும்: "இதில் தப்பு செய்தவனுக்கு என்ன ஆயிற்று?", "அதனால் அடிபட்டது யார்?" பதிலை அவனே சொல்லட்டும். அவன் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். அவன் ப்ரொஃபைல் அமைப்பில் அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை முதலிலேயே அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடும்.